பெயரைக் கேட்கும் வரை

மரியபுஷ்பம், கோமதிநாயகம், காதர் மொய்தீன், சுடலைக்கண்ணு, மேட்டுப்பட்டிப் பேச்சியம்மாள், வடக்கூர்ப் பேச்சியம்மாள். பெஞ்சில் ஆறு பேர். கடைசிப் பெயர் தன்னுடையது. பள்ளிக்கூடத்தில் முட்டை வைக்கும்போதும் பேச்சியம்மாள் தன்னைக் கடைசியாகத்தான் எண்ணுவாள், எண்ணினாலும் தனக்கென்று ஒன்று எடுத்துக்கொண்டதில்லை. இருபத்தேழு வருசம் சத்துணவுக் கூடத்தில் ஆயாவாக இருந்தவள். காலையில் வாத்தியார் பெயர் கூப்பிடுவார், இவள் அடுப்படி வாசலில் நின்று எண்ணுவாள், மதியம் அண்டாவைக் கழுவுவதற்கு முன்னால் மிச்சத்தைச் சொல்லுவாள். வந்தவர் எத்தனை, மிச்சம் எத்தனை. இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லாமல் அவளுக்கு ஒரு பகல் முடிந்ததில்லை. இங்கே யாரும் அவளிடம் கணக்குக் கேட்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் கண் ஆபரேசன் நடக்கும் இடத்துக்கு வெளியே, சுவரோரம் போட்டிருந்த இரும்புப் பெஞ்சில், பச்சை உடுப்பும் தலையில் பச்சைக் குல்லாயுமாக ஆறு பேரும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். உடுப்புக்கு முதுகுப்பக்கம் நாடாதான், பொத்தான் இல்லை. சுவரில் முதுகு ஒட்டினால் சில்லென்று இருக்கிறது, ஒட்டாவிட்டால் முதுகு தெரியுமோ என்று கூச்சமாக இருக்கிறது. கண்ணில் விட்ட சொட்டு மருந்து இன்னும் எரிந்தது. டியூப் லைட்டைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம். வாசலில் நிற்கும் சிஸ்டர் ஜெபராணியின் முகம் கரைந்துபோய், வெள்ளையாக ஒரு உருவமும் கையில் ஃபைல்களும்தான் தெரிந்தன. அவளோடு ஏழு. திரைக்கு அந்தப் பக்கம் மரத்துப்போகும் ஊசி போடுகிற டாக்டரம்மா, குரல் மட்டும், எட்டு. வருகை எட்டு, போதும், இதில் இரண்டு பேச்சியம்மாள்.

இரண்டு பேச்சியம்மாள். அதிலேயே மனசு போய்ப் போய் இடித்தது. நேற்று வார்டில் படுக்கை போட்டபோதே மேட்டுப்பட்டிக்காரி, "யக்கா, உங்க பேரும் எம் பேரும் ஒண்ணாம்லா" என்று சிரித்தாள். அவளுக்கு இடது கண், தனக்கு வலது கண். புருவத்துக்கு மேலே நீல மையில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். தன் அம்புக்குறியைத் தான் பார்க்க முடியாது, தொட்டுப் பார்க்கலாம் என்றால் அழிந்துவிடும். கையில் கட்டிய காகிதப் பட்டையில் பேர் எழுதியிருந்தார்கள், காலையில் முகம் கழுவினதில் மை பரவிவிட்டது. உள்ளே வைக்கிற லென்ஸ் ஆளுக்கு ஆள் வேறாம், கண்ணை அளவெடுத்த பிள்ளை சொன்னது, செருப்பு மாதிரி பாட்டி, உங்க காலுக்கு உங்க செருப்புதான். செருப்பு மாறினால் கழற்றிவிடலாம். மேட்டுப்பட்டிக்காரிக்குக் காது மந்தம். எது கேட்டாலும் தலையாட்டுவாள். விடிகாலையில் சிஸ்டர் வந்து, "காபி குடிச்சிட்டீங்களா?" என்றாள், தலையாட்டினாள். "ஒண்ணும் குடிக்கலையே?" என்றாள், அதற்கும் தலையாட்டினாள். இரண்டுக்கும் ஒரே ஆட்டம், சிரித்த முகம். எதிர்ச்சுவரில் பெரிதாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, ஒரு நர்சும் ஒரு கிழவரும் சிரிக்கிற படம். இப்போது எழுத்து கலங்கித் தெரிகிறது, ஆனால் நேற்றே கோமதிநாயகம் அதைச் சத்தமாக வாசித்துவிட்டார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாசிப்பார். உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். "நாடு பூரா எல்லா ஆஸ்பத்திரிலயும் ஒட்டச் சொல்லி உத்தரவாம்" என்றார். "நம்ம பேரை நம்மகிட்ட இதுவரைக்கும் கேட்டது ரேசன் கடைக்காரன்தான்" என்றார் காதர் மொய்தீன், சைக்கிள் கடை வைத்திருப்பவர், வாய் ஓயாது. "அவனும் கேட்டுட்டு சீனி இல்லம்பான்." எல்லாரும் சிரித்தார்கள். பேச்சியம்மாளும் சிரித்தாள். ராத்திரி படுத்தபோதுதான் அந்த வரி திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. நீங்களே சொல்லுங்கள். முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன. ரெண்டு வருசத்துக்கு முன்னால் இதை ஒட்டியிருந்தால் என்ன.

"மரியபுஷ்பம்தானே? வாங்க." சிஸ்டரின் குரல். பெஞ்சின் அந்தக் கோடியில் ஒரு பச்சைத் தலை மேலும் கீழும் ஆடியது, எழுந்தது, போனது. திரை விலகி மூடிக்கொண்டது. அவ்வளவுதான். சொல்லியிருக்க வேண்டும், கேளுங்கள் சிஸ்டர், நீங்கள் சொல்லாதீர்கள் என்று இப்போது சொல்லியிருக்க வேண்டும், நாக்கு எழவில்லை. எப்போதும் எழாத நாக்கு. பஞ்சாயத்து ஆபீசில், பேங்கில், எங்கே போனாலும் பக்கத்தில் ஒரு ஆள் பேச வேண்டும். வாக்காளர் அட்டைக்கு வந்தவர் வீட்டுக்காரர் பேரு என்னம்மா என்று கேட்டபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள், அவள்தான் சொன்னாள். முப்பத்தெட்டு வருசம் ஒரே வீட்டில் இருந்த மனுசன், ஒருநாள் பேர் சொன்னதில்லை. இந்தாருங்க. பிள்ளையோட அப்பா. பள்ளிக்கூடத்தில் அதே பேரில் ஒரு பையன் மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். அவனை அவள் பெரிய கண்ணா என்று கூப்பிட்டாள், தனக்குக் கண் பெரிசு என்று அவன் அஞ்சாம் வகுப்பு முடிகிற வரை நம்பிக்கொண்டிருந்தான். நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிப்பு பாதியில் நிற்கிறது. ஏனென்றால் அதற்குப் பின்னால் அந்த மதியம் வரும். எப்படி நினைத்தாலும் அது வந்துவிடும்.

அவருக்கு வயிற்றில் புண், ரத்தமாக வாந்தி, இதே ஆஸ்பத்திரி இல்லை, வேறொன்று, ஆனால் வாசம் ஒன்றுதான், ஸ்பிரிட்டும் பினாயிலும் யாரோ சாப்பிட்டு வைத்த தயிர்சாதமும். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். இசக்கி என்று ஒரு பையன், மூன்று வார்டுக்கும் அவன் ஒருத்தன்தான், வேர்த்துப்போய் ஓடிவந்தான். ஒரே தட்டில் இரண்டு ரத்தப் பை. அதை அவள் பார்த்தாள். இரண்டு என்று எண்ணவும் செய்தாள். "யம்மா, ஐயா பேரு என்ன?" என்று அவன் கேட்டான். கேட்டான், பாவம், இல்லை என்று சொல்லக் கூடாது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேசப் பக்கத்தில் ஆள் இல்லை, மகன் மருந்து வாங்கப் போயிருந்தான். பையன் சிரித்தான், அவனுக்கும் ஒரு ஆத்தா இருப்பாள், அவளும் சொல்ல மாட்டாள். "சங்கரபாண்டிதானே?" என்றான். அவள் தலையாட்டினாள். பொய்யா? இல்லையே. சங்கரபாண்டிதான். கீழ்த்தளத்திலும் ஒரு சங்கரபாண்டி இருந்தான், இவருக்கு ஏற்றிய பை அவனுடையது. பாதிப் பை ஏறுவதற்குள் இடுப்பு வலிக்குது என்றார், கம்பளி கேட்டார், உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மூத்திரம் சிவப்பாகப் போனது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் மூன்று மாரியப்பன்கள். வாத்தியார் மூன்று பேரையும் அப்பா பேரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார். இருபத்தேழு வருசத்தில் ஒரு மாரியப்பன் முட்டை இன்னொரு மாரியப்பன் தட்டுக்குப் போனதில்லை. முட்டைக்கு இவ்வளவு பார்த்தார்கள். ரத்தத்துக்குப் பார்க்க ஆள் இல்லை.

பிறகு விசாரணை என்று கூப்பிட்டார்கள். மூன்று அதிகாரிகள், ஒரு மேசை, மேலே ஓடாத காற்றாடி. எழுதியதை ஒருவர் வாசித்தார். நோயாளியின் மனைவி தலையசைத்து உறுதி செய்ததன் பேரில் ரத்தம் ஏற்றப்பட்டது. இசக்கியை வேலையை விட்டு அனுப்பியாயிற்று. "கீழே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, முடிஞ்சிரும்" என்றார். முடிந்துவிடுமாம். தப்பு இரண்டு பேர் தலையில், ஒன்று ஓடிவந்த பையன் தலை, ஒன்று ஆட்டிய தலை. அந்தத் தட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஏன் இரண்டு பை ஒரே தட்டில் வந்தது, மூன்று வார்டுக்கு ஏன் ஒரே பையன், நாளைக்கு அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடப்போகிறவன் யார், ஒன்றும் இல்லை. மகன் கையைப் பிடித்து, "விடும்மா, போட்டுட்டு வா" என்றான். அவள் கையை உருவிக்கொண்டாள். வாயைத் திறந்ததும் தனக்கே தெரியாத குரலில் வந்தது. "எந்தலை என்ன உங்க ஆபீசு முத்திரைக் கட்டையா சார், அசைஞ்சா சரின்னு எடுத்துக்கிட? போட மாட்டேன்." போடவில்லை. இன்றுவரை போடவில்லை. இவளால்தான் என்று ஊர் ஒவ்வொரு வாயாகச் சொல்லிப் பார்த்தது, பேர் சொல்லியிருந்தா என்ன இவ, என்றார்கள், பேர் சொல்லாதவள் என்று தன்னை மெச்சிய அதே வாய்கள். அவள் அதையும் ஏற்கவில்லை. சொல்லியிருந்தாலும் சங்கரபாண்டி என்றுதானே சொல்லியிருப்பேன், அப்பா பேரு என்ன, எந்த ஊரு, கையில என்ன நம்பர், அதைக் கேட்க வேண்டியது யார். என் தலை ஆடியது நிஜம். அதை நம்பி ஊசி குத்தியது என் தலை இல்லை.

கேட்க வைக்க வேண்டும். ஒரே ஒரு தடவை. அதற்காகத்தான் வந்தோமா, கண்ணுக்காக வந்தோமா என்று இப்போது குழப்பமாக இருந்தது. கண்தான் முக்கியம். வலது கண் போய்விட்டால் இடது கண்ணை நம்ப முடியாது, அதிலும் புகை படர்ந்துவிட்டது. சிஸ்டரைக் கோபப்படுத்தினால் ஊசியைக் கொஞ்சம் அழுத்திப் போடுவார்களோ, பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்களோ. மகள் போனில் சொன்னாள், "யம்மா, அங்க போயி நியாயம் பேசாத, கண்ணைக் காட்டிட்டு வந்துரு." நியாயம் பேசுகிறவளா நான். வாழ்நாளில் ஒரு தடவை பேசியிருக்கிறேன். சிஸ்டர் மேல் கோபமும் இல்லை, காலையிலிருந்து நிற்கிறாள், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நிற்பது கலங்கிய கண்ணுக்கே தெரிகிறது. இசக்கியும் நல்ல பையன்தான். நல்ல பிள்ளைகள் ஓடுகிற ஓட்டத்தில்தான் இது நடக்கிறது. அதனால்தான் கேட்க வேண்டும், கெட்டவர்கள் என்றால் கேட்டு என்ன ஆகப்போகிறது. அடுத்து யார். கூப்பிடும்போது எழுந்திருக்கக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது. கழுத்து ஆடிவிடும், கழுத்துக்கு அறுபத்துமூன்று வருசப் பழக்கம், அதுவாக ஆடிவிடும். அவள் உள்ளங்கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து முட்டுக்கொடுத்துக்கொண்டாள்.

"பேச்சியம்மா, வாங்க."

பக்கத்தில் மேட்டுப்பட்டிக்காரி தலையாட்டிக்கொண்டே எழுந்தாள். பேச்சியம்மாளின் இன்னொரு கை தானாகப் போய் அவள் உடுப்பின் நாடாவைப் பிடித்தது. "இரு தாயி." சிஸ்டர் கிட்டே வந்தாள், சோப்பு வாசம் வந்தது. "ஓ, ரெண்டு பேச்சியம்மாவா? வலது கண்ணு பேச்சியம்மா நீங்கதானே பாட்டி?" ஆமாம், நான்தான், வலது கண்தான். தாடை கையை அழுத்தியது. கை விடவில்லை. "பேரைக் கேளுங்க சிஸ்டர்" என்றாள். "அதான் கூப்பிட்டேனே." "கூப்பிட்டீக. கேக்கல." காதர் மொய்தீன் ஆகா என்று தொடையில் தட்டினார். "பாட்டி, இன்னைக்குப் பதினாலு கேசு இருக்கு. டாக்டர் உள்ள நிக்கிறாங்க" என்றாள் சிஸ்டர். பேச்சியம்மாள் எதிர்ச்சுவரைக் காட்டினாள். "செவத்துல போட்டிருக்கு." "ஆமா சிஸ்டர்" என்றார் கோமதிநாயகம், "உங்கள் பெயரை நீங்களே…" "தெரியும் சார், ஒட்டுனதே நான்தான், ஏணில ஏறி" என்றாள் சிஸ்டர். இப்போது மறுபடி சிரிப்பு. உள்ளேயிருந்து டாக்டரம்மா, "என்ன ஜெபா, லேட்டு?" என்றாள். சிஸ்டர் மூச்சை விட்டாள். ஃபைலைத் திறக்கிற சத்தம் கேட்டது. "சரி. சொல்லுங்க. உங்க பேரு என்ன?"

என்ன. உங்க பேரு என்ன. எவ்வளவு சின்னக் கேள்வி. "பேச்சியம்மாள்." "ஊரு?" "வடக்கூர்." "எந்தக் கண்ணு?" "வலது." "வீட்டுக்காரர் பேரு?" அங்கே நின்றுவிட்டது. நான்கு தலைகளும் தன் பக்கம் திரும்புவது கலங்கலாகத் தெரிந்தது. மேட்டுப்பட்டிக்காரி காதோரம் வந்து, "யக்கா, எப்படிச் சொல்லுவிய?" என்றாள் பதறிப்போய். "குறிப்புக் குடுங்கக்கா" என்றார் காதர் மொய்தீன், "சிவன் பேரா, பெருமாள் பேரா, நான் கண்டுபிடிச்சிருதேன்." குறிப்பு வேண்டாம். யாரும் கண்டுபிடிக்க வேண்டாம். முப்பத்தெட்டு வருசம் வாயில் வராத பேர், அதன் மேல் இரண்டு வருசம். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்றார்கள். சொல்லாமல் குறைந்தது எவ்வளவு. பள்ளிக்கூட வாசலில் வாத்தியார் இல்லாத நாட்களில் பேர் கூப்பிட்டுப் பழகிய குரல் ஒன்று அவளிடம் இருந்தது, அடுப்புப் புகைக்கு மேலே எழுந்து மைதானம் முழுக்கக் கேட்கிற குரல். அந்தக் குரல் வந்தது. "சங்கரபாண்டி. முத்தையா மகன் சங்கரபாண்டி. வடக்கூர்."

வானம் இடிந்து விழவில்லை, டியூப் லைட் அதே மஞ்சள் வளையத்தோடு எரிந்தது. சொன்ன பிறகு வாயில் ஒரு ருசி இருந்தது, இன்னொரு தடவை சொல்லலாம் போல இருந்தது. சிஸ்டர் கைப்பட்டையைத் திருப்பிப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள், புருவத்து மையைப் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தான் பாட்டி இருக்கு. நான் கூப்பிட்டதும் உங்களைத்தான். இதுக்கா இம்புட்டு?" "இதுக்குத்தான்" என்றாள் பேச்சியம்மாள். "முதல்ல சரியா இருந்திச்சான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இப்பத்தான் தெரியும்." சிஸ்டர் மேட்டுப்பட்டிக்காரி பக்கம் திரும்பி, குனிந்து, காது கேட்கிற மாதிரி, "உங்க பேரு என்னம்மா?" என்றாள். அவள் தலையாட்டினாள். "ஆட்டக் கூடாது, சொல்லணும்." பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், புருசன் பேருக்கு மட்டும், "கழுகுமலையில இருக்காருல்லா, அவரு பேரு" என்றாள். "முருகனா, வேலுவா, கந்தசாமியா, சண்முகமா?" என்று காதர் மொய்தீன் அடுக்கினார். கடைசியில் சிஸ்டர் தன் காதைக் கொண்டுபோய் அவள் வாயருகே வைத்தாள். அவள் ஏதோ ஊதினாள். சிஸ்டர் ஃபைலைப் பார்த்து, "சரி" என்றாள். அப்படியும் ஒரு வழி இருக்கிறது. அன்றைக்கு இசக்கி காதைக் கொடுத்திருந்தால் ஊதியிருப்பேனோ. ஊதியிருப்பேன். அவனுக்கு எங்கே நேரம்.

உள்ளே படுக்க வைத்தார்கள். ஊசி கண்ணுக்குக் கீழே இறங்கியது, பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. முகத்தின் ஒரு பாதி தன்னுடையது இல்லை என்று ஆயிற்று. கண்மேல் கனமாக எதையோ வைத்து, "அசையாமக் கிடங்க, பேசாதீங்க" என்றாள் டாக்டரம்மா. பேச்சியம்மாள் அசையாமல் கிடந்தாள். காது மட்டும் வெளியே போய் உட்கார்ந்துகொண்டது. சிஸ்டர் உள்ளே வருகிறாள், செருப்புச் சத்தம், அடுத்த கட்டிலில் நிற்கிறது. "மரியபுஷ்பம், இல்ல, இருங்க. உங்க பேரு என்ன?" திரும்பி வந்து கேட்கிறாள். மரியபுஷ்பம் சொல்லுகிறாள், மெல்லிய குரல், இதுவரை கேட்டதில்லை. ஒன்று. தானும் மேட்டுப்பட்டிக்காரியும் சேர்ந்து மூன்று. வெளியே, "உங்க பேரு?" "கோமதிநாயகம், தகப்பனார் பேரு ஆறுமுகம், ஊரு கீழக்கடை, இடது கண்ணு", அடுத்த ஸ்டாப் சொல்லுகிற மாதிரியே சொன்னார். நான்கு. காதர் மொய்தீன் தன் பேர், வாப்பா பேர், வாப்பாவின் வாப்பா பேர், தெருப் பேர் என்று போய்க்கொண்டே இருந்தார், சிஸ்டர், "போதும் பாய், கல்யாணப் பத்திரிகையா அடிக்கப்போறோம்?" என்றாள். ஐந்து. பேச்சியம்மாளுக்கு உடம்பு லேசாக இருந்தது. நாளைக்குக் கேட்பாளா, அடுத்த வாரம் கேட்பாளா, வேறு ஊரில், வேறு வார்டில், இரண்டு பையோடு ஓடுகிற பிள்ளை கேட்குமா. அதெல்லாம் இந்தப் பெஞ்சுக் கணக்கில் வராது. வரவில்லை என்று விட்டுவிடவும் முடியாது. கண் தெளிந்ததும் முதலில் அந்த மூன்று அதிகாரிகளிடம் போக வேண்டும். இந்தத் தடவை மகன் வேண்டாம். பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

"ஜெபா, டேபிள் காலி, சீக்கிரம்" என்றது ஒரு ஆண் குரல். செருப்பு வேகமாகப் போனது. வெளியே சிஸ்டரின் குரல், பழைய குரல், ஓட்டத்தின் குரல். "சுடலைக்கண்ணுதானே? வாங்க தாத்தா, வாங்க."

பதில் இல்லை. ஆடு மேய்க்கிறவர், நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். பேச்சியம்மாள் காதைத் தீட்டிக்கொண்டாள். பெஞ்ச் கிரீச்சிட்டது. வேறு சத்தம் இல்லை. தலையாட்டினால் சத்தம் வராது. அந்தச் சத்தமின்மை அவளுக்குத் தெரியும், இரண்டு வருசமாக அதோடுதான் படுத்து எழுந்திருக்கிறாள். திரை வளையங்கள் கம்பியில் உரசின. இரண்டு ஜோடிக் கால்கள் உள்ளே வந்தன. அவள் வாயைத் திறந்தாள். ஒரு பக்க உதடு மரத்துப்போய்க் கனத்தது.

"சிஸ்டர்!"

"பேசாதீங்கன்னு சொன்னேன்லம்மா" என்றாள் டாக்டரம்மா.

"என்ன பாட்டி, வலிக்குதா?" என்றாள் சிஸ்டர். செருப்புச் சத்தம் நின்றிருந்தது.

"வலிக்கல" என்றாள் பேச்சியம்மாள். "ஒண்ணு மிச்சம் இருக்கு."